சிறு உழவு இயந்திரத்துக்கு ஏற்ற சுழல் வெட்டியைத் தெரிந்தெடுத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டு நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்ட நிலங்கள் இயற்கை எளிதில் அளித்தவையல்ல. சுண்ணாம்புக்கல் மேலெழுந்து நின்ற கலட்டிகளிற் கல்லைக் கிளறி அகற்றி, மண் கொணர்ந்து பரப்பி, கிணறு வெட்டி, துலாவால் நீரிறைத்து, குழையும் எருவும் இட்டுப் பல தலைமுறையினர் ஆக்கியவை அவை. அத்தகைய நிலம் மனித கை படாது சில ஆண்டுகள் கிடப்பின் என்ன ஆகும் என்பதை வலிகாமம் வடக்கிற் காணலாம். 1990ஆம் ஆண்டில் மக்கள் இடம்பெயர்ந்து சென்ற அப்பகுதியின் காணிகள், 2009ஆம் ஆண்டிற் போர் முடிவுற்ற பின்னர் பகுதி பகுதியாக உரியவர்களிடம் மீளக் கையளிக்கப்பட்டு வந்துள்ளன. வெங்காயமும் மிளகாயும் மரவள்ளியும் விளைந்த செம்மண் தரையில் நாயுண்ணியும் இப்பிலிப்பிலும் ஆமணக்கும் எருக்கலையும் ஆளுயரம் வளர்ந்திருப்பதையே திரும்பி வந்தோர் பலர் கண்டனர்.

இத்தகைய பற்றைகளைக் கத்தியும் கோடரியும் கொண்டு வெட்டுவதற்கு ஆட்கூலி மிகுதியாகும். ஆதலால் நாற்சில்லுச் சிறு உழவு இயந்திரத்தின் பின்னே மாட்டும் சுழல் வெட்டியைக் கமக்காரர் பலர் நாடுகின்றனர். புல்லும் பற்றையும் வெட்டுவதோடு, பசளைப் பயிராக விதைத்த சணலை உழுமுன் வெட்டி வீழ்த்துவதற்கும், நெல் அறுவடையின் பின் எஞ்சிய தாளைச் சிதைப்பதற்கும் இக்கருவி பயன்படும். எனினும் இயந்திரத்துக்கும் நிலத்துக்கும் பொருந்தாத வெட்டியை வாங்கியவர், வாங்கிய பணத்தையும் இழந்து உழவு இயந்திரத்தையும் பழுதாக்கிக்கொள்வர். பொருத்தம் பார்க்கும் முறையை இப்பிரசுரம் விளக்குகின்றது.

1. சுழல் வெட்டி என்பது யாது?

ஓர் இரும்புத் தகட்டு மூடியின் கீழ், நிலத்துக்குக் கிடையாகச் சுழலும் இரண்டு அல்லது மூன்று தடித்த அலகுகளை உடையது சுழல் வெட்டி. உழவு இயந்திரத்தின் பின்புறத்துள்ள வலுவெடுப்புத் தண்டு, அதாவது கமக்காரர் 'பீ.ரி.ஓ.' என்று வழங்கும் தண்டு, ஓர் இணைப்புத் தண்டின் வழியாக வெட்டியின் கியர்ப் பெட்டியைச் சுழற்றும். கியர்ப் பெட்டி அச்சுழற்சியைத் திசை மாற்றியும் விரைவுபடுத்தியும் அலகுகளுக்குக் கொடுக்கும். அலகுகள் இறுக்கிப் பூட்டப்பட்டவையல்ல. தடித்த ஆணியில் ஊசலாடுமாறு தொங்குபவை. கல்லிலோ கட்டையிலோ மோதும்போது அவை பின்னோக்கி மடங்கி அதிர்ச்சியைத் தணிக்கும். 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 'புஷ் ஹொக்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்த வெட்டி பெரும் புகழ் பெற்றமையால், அந்நாட்டுக் கமக்காரர் இவ்வகைக் கருவிகள் அனைத்தையும் அப்பெயராலேயே அழைக்கலாயினர்.

சுழல் வெட்டியையும் சுழற்கலப்பையையும் ஒன்றெனக் கருதலாகாது. 'ரொட்டவேற்றர்' எனப்படும் சுழற்கலப்பை மண்ணைக் கிளறுவது. சுழல் வெட்டி மண்ணைத் தொடவே கூடாது. நிலத்துக்கு மேல் நிற்பதை மாத்திரமே அது வெட்டும். பற்றை மூடிய நிலத்திற் சுழற்கலப்பையை நேரே இறக்குவோர், கொடியும் தண்டும் அதன் அச்சிற் சுற்றிக்கொள்ள இடருறுவர். முதலில் வெட்டி, வெட்டியதை உலரவிட்டு, வேர்களை அகற்றிய பின்னரே உழுதல் முறையாகும்.

இருசில்லு உழவு இயந்திரத்துக்கு இக்கருவி உரியதன்று. மும்முனை இணைப்பு உள்ள நாற்சில்லு இயந்திரத்துக்கே இதனை மாட்டலாம்.

2. முதலில் நிலத்தை அறிதல்

வெட்டியைத் தெரியுமுன் கமக்காரர் தம் நிலத்தை நடந்து பார்த்தல் வேண்டும். மூன்று செய்திகளை அறிதல் அவசியம்.

முதலாவது, வெட்டவேண்டியது எத்தகையது என்பது. புல், சணல், நெற்றாள், ஓர் அங்குலத்துக்கு மேற்படாத தண்டுள்ள செடிகள் ஆகியவற்றுக்கு இலேசான வகை வெட்டி போதும். இரண்டு அங்குலம் வரை தடித்த நாயுண்ணி, இப்பிலிப்பில் போன்றவற்றுக்கு நடுத்தர வகை வேண்டும். அதனினும் தடித்தவற்றை வெட்டுதற்குரிய பார வகை வெட்டிகள் உளவாயினும், சிறு உழவு இயந்திரம் அவற்றைச் சுமக்கவோ சுழற்றவோ வல்லதன்று. அத்தகைய மரங்களைக் கோடரியால் தறித்து வேரையும் கிண்டி எடுப்பதே இலாபம். பனை வடலிகளைச் சுற்றி அடையாளக் கம்பு நட்டு விலக்கிவிடுதல் வேண்டும். இன்று அழிக்கும் வடலி, பேரப்பிள்ளைகளின் காலத்துப் பனையாகும்.

இரண்டாவது, நிலத்திற் கல் எவ்வளவு உண்டு என்பது. வலிகாமத்துச் செம்மண்ணிலும் கலட்டி நிலங்களிலும் சுண்ணாம்புக்கல் மண்ணின் மேலே தலைகாட்டும். தென்மராட்சியின் மணற்பாங்கான நிலங்களில் இத்தொல்லை குறைவு. கல்லுள்ள நிலத்துக்கு வாங்கும் வெட்டியின் பாதுகாப்பு உறுப்புகள் மேலும் திறமானவையாய் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, நிலத்துக்குச் செல்லும் வழி. காணிக்குச் செல்லும் ஒழுங்கையின் அகலத்தையும், படலையின் அகலத்தையும் அளந்துகொள்ளல் வேண்டும். 6 அடி வெட்டியை வாங்கியபின் படலைக்கால்களைப் பிடுங்கி நட்டவர்கள் உளர்.

3. வலுவுக்கேற்ற அகலம்

உழவு இயந்திரத்தின் பெயர்ப் பலகையிற் கூறப்படும் குதிரைவலு எஞ்சினின் வலுவாகும். அது முழுவதும் வெட்டியைச் சென்றடைவதில்லை. வலுவெடுப்புத் தண்டிற் கிடைப்பது பெரும்பாலும் அதன் 100இல் 85 பங்களவே. பழைய, தேய்ந்த எஞ்சினாயின் அதனினும் குறையும். வெட்டியைத் தெரியும்போது தண்டின் வலுவையே கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

வெட்டும் அகலத்தின் ஒவ்வோர் அடிக்கும் தண்டின் வலு 5 குதிரைவலு இருத்தல் வேண்டும் என்பது நடைமுறையிற் கையாளப்படும் விதி. தடித்த பற்றையாயின் அதனினும் கூடுதலாக வைத்துக்கொள்ளல் நன்று. இரண்டு உதாரணங்களால் இது விளங்கும்.

எஞ்சின் வலு 24 குதிரைவலுவுள்ள சிறு இயந்திரத்தின் தண்டிற் கிடைப்பது ஏறக்குறைய 20 குதிரைவலு. அதனை 5ஆற் பிரிக்க 4 அடி வரும். ஆகவே அவ்வியந்திரத்துக்கு 4 அடி வெட்டியே உரியது.

எஞ்சின் வலு 45 குதிரைவலுவுள்ள இயந்திரத்தின் தண்டிற் கிடைப்பது ஏறக்குறைய 38 குதிரைவலு. விதிப்படி அது 7 அடி வரை சுழற்றுமாயினும், நமது ஒழுங்கைகளுக்கும் சிறு துண்டுக் காணிகளுக்கும் 5 அடியே பொருந்தும். மிஞ்சிய வலு வீணன்று. தடித்த பற்றையில் எஞ்சின் திணறாமல் உழைக்க அது உதவும்.

வெட்டியின் கியர்ப் பெட்டி எத்தனை குதிரைவலுவைத் தாங்கும் என்பதும் வெட்டியிற் குறிக்கப்பட்டிருக்கும். அத்தொகை உழவு இயந்திரத்தின் தண்டு வலுவிலும் குறைந்ததாய் இருத்தலாகாது. குறையின், முதற் கல்லிலேயே பற்கள் உடையும்.

4. சில்லின் அகலம்

வலு மாத்திரம் போதாது. வெட்டியின் அகலம், உழவு இயந்திரத்தின் பின்சில்லு இரண்டினதும் வெளி விளிம்புகளுக்கு இடைப்பட்ட அகலத்திலும் குறையாதிருத்தல் வேண்டும். குறைந்தால், சில்லு மிதித்துச் சாய்த்த புல் வெட்டுப்படாது கிடந்து மறுநாள் நிமிர்ந்து நிற்கும். வேலியோரத்தை வெட்டும்போதும் சில்லே வேலியில் முட்டும்.

வெளி விளிம்பு அகலம் 56 அங்குலமுள்ள இயந்திரத்துக்கு 4 அடி வெட்டி, அதாவது 48 அங்குல வெட்டி, பொருந்தாது. அதற்கு 5 அடி வெட்டி வேண்டும். அதைச் சுழற்ற வலுவும் வேண்டும். வலு போதாவிடின், சில்லுகளைத் திருப்பி மாட்டி இடையகலத்தைக் குறைக்கத்தக்க இயந்திரமா என்று பார்த்தல் வேண்டும். அவ்வாறு குறைத்தபின் மேட்டுச் சரிவுகளில் இயந்திரம் எளிதிற் சாயும் என்பதையும் மறத்தலாகாது.

அகன்ற வெட்டியால் வேலை மிக விரைந்து முடியும் என்று எண்ணுவோர் பின்வரும் கணக்கைப் பார்க்க. 16 பரப்பு ஓர் ஏக்கர். 4 பரப்புள்ள சதுரத் துண்டு ஒன்றின் ஒரு பக்கம் ஏறக்குறைய 104 அடி. அதனை வெட்டுவதற்கு 5 அடி வெட்டி 21 முறையும், 4 அடி வெட்டி 26 முறையும் சென்றுவரல் வேண்டும். மணிக்கு 3 மைல் வேகத்திற் சென்று, திரும்புதற்கும் மேற்படிய வெட்டுதற்கும் மூன்றில் ஒரு பங்கு நேரம் கழியுமெனக் கொண்டால், 5 அடி வெட்டி ஒரு மணித்தியாலத்தில் ஏறக்குறைய 19 பரப்பும், 4 அடி வெட்டி ஏறக்குறைய 15 பரப்பும் வெட்டும். 10 பரப்புத் தோட்டமுள்ளவருக்கு இவ்வேறுபாடு பத்து நிமிடத்தைத் தாண்டாது. ஆதலாற் சிறு நிலமுடையார் பெரிய வெட்டிக்கு ஆசைப்படவேண்டியதில்லை.

5. மும்முனை இணைப்பும் பாரமும்

கருவியை மூன்று இடத்திற் பூட்டி எண்ணெய் அமுக்கத்தாற் தூக்கும் மும்முனை இணைப்பை ஹரி பெர்குசன் என்பார் உருவாக்கினார்; 1936ஆம் ஆண்டில் அது அவரது உழவு இயந்திரத்துடன் விற்பனைக்கு வந்தது. இன்று அதன் அளவுகள் வகுதிகளாக வரையறுக்கப்பட்டுள்ளன. 20 குதிரைவலு வரையுள்ள மிகச் சிறிய இயந்திரங்கள் பூச்சிய வகுதியைச் சேர்ந்தவை. அவற்றின் கீழ் ஆணியின் தடிப்பு 5/8 அங்குலம். ஏறக்குறைய 20 முதல் 45 குதிரைவலு வரையுள்ளவை முதலாம் வகுதி. கீழ் ஆணி 7/8 அங்குலம், மேல் ஆணி 3/4 அங்குலம். அதற்கு மேற்பட்டவை இரண்டாம் வகுதி. கீழ் ஆணி 1 1/8 அங்குலம், மேல் ஆணி 1 அங்குலம். உழவு இயந்திரமும் வெட்டியும் ஒரே வகுதியினவாய் இருத்தல் வேண்டும். பெரிய துளையிற் சிறிய ஆணியைச் செருகிக் கம்பியாற் கட்டி ஓட்டுதல் ஆபத்தானது.

இழுத்துச் செல்லும் வெட்டி, தூக்கிச் செல்லும் வெட்டி என இரு வகை உண்டு. இழுத்துச் செல்வது திரும்புவதற்குப் பரந்த இடத்தை வேண்டும். குடாநாட்டுத் துண்டு நிலங்களுக்குத் தூக்கிச் செல்வதே உரியது. ஆனால் அதன் பாரம் முழுவதும் பின்சில்லுக்கும் அப்பால் தொங்குவதால் முன்சில்லுகள் இலேசாகும். வெட்டியைத் தூக்கிய நிலையில் மொத்தப் பாரத்தின் ஐந்தில் ஒரு பங்காயினும் முன்சில்லுகளின்மேல் இருத்தல் வேண்டும். இல்லையேல் திருப்புசில்லு கையில் இலேசாகி, வரம்பேறும்போது இயந்திரம் முன்புறம் மேலெழும்பும். இதனைத் தடுக்க முன்புறத்தே இரும்புப் பாரங்களை மாட்டுதல் வேண்டும். வாங்குமுன் விற்பனை நிலையத்திலேயே வெட்டியை மாட்டித் தூக்கிச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தல் நன்று.

6. இணைப்புத் தண்டும் காப்பு உறுப்புகளும்

சிறு உழவு இயந்திரங்களின் பின்புற வலுவெடுப்புத் தண்டு பெரும்பாலும் 1 3/8 அங்குலத் தடிப்பும் ஆறு வரிப்பள்ளங்களும் உடையது. நிமிடத்துக்கு 540 முறை சுழல்வது. வெட்டியும் 540 சுழற்சிக்கு அமைந்ததா என்று பார்த்தல் வேண்டும். இணைப்புத் தண்டு ஒன்றனுள் ஒன்று நுழையும் இரு பகுதிகளாலானது. வெட்டி மிகத் தூக்கிய நிலையிலும், மிகத் தாழ்ந்த நிலையிலும் தண்டின் நீளத்தைச் சோதித்தல் வேண்டும். மிக நீண்டதாயின் அது முட்டிக் கியர்ப் பெட்டியை உடைக்கும். மிகக் குறுகியதாயின் ஓடும்போதே கழன்று விசிறும். வேலை செய்யும் நிலையில் இரு பகுதிகளும் அவற்றின் நீளத்தின் மூன்றில் ஒரு பங்களவாவது ஒன்றனுள் ஒன்று புகுந்திருத்தல் நலம்.

அலகு கல்லிற் பட்டால் அதிர்ச்சி கியர்ப் பெட்டியையும் உழவு இயந்திரத்தையும் தாக்காதபடி காக்க இரண்டு வகை ஏற்பாடுகள் உள. ஒன்று முறியாணி. பளு மிகும்போது அவ்வாணி அறுந்து தண்டை விடுவிக்கும். விலை குறைந்தது, ஆனால் அறுந்தபோதெல்லாம் அதே வகையான, அதே வன்மையுடைய ஆணியை இடவேண்டும். கையில் அகப்பட்ட கடினமான ஆணியை இடுவோரும், ஒட்டுவேலை செய்து நிரந்தரமாகப் பூட்டுவோரும், சிறு ஆணிக்காகப் பெரும் பெட்டியை இழப்பர். மற்றையது வழுக்குக் கிளச்சு. பளு மிகும்போது அதன் தட்டுகள் வழுக்கும். குறைந்ததும் மீண்டும் பற்றும். கல் மலிந்த கலட்டி நிலத்துக்கு இதுவே சிறந்தது. ஆயின் நெடுநாள் நிறுத்தி வைத்தால் கடற்காற்றுப்பட்டுத் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், பின்னர் வழுக்காது. ஆண்டுக்கு ஒருமுறை விற்களைத் தளர்த்தி, சில விநாடிகள் வழுக்கவிட்டு, மீண்டும் உரிய அளவுக்கு இறுக்குதல் வேண்டும்.

பழைய உழவு இயந்திரம் வைத்திருப்போர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். சில பழைய இயந்திரங்களிற் கிளச்சை மிதித்தபோதும், வேகமாய்ச் சுழலும் அலகுகளின் உந்தம் வலுவெடுப்புத் தண்டின் வழியே பின்னோக்கி வந்து இயந்திரத்தை முன்னே தள்ளும். ஓட்டுபவர் நிறுத்த முயலும்போதே அது வேலியையோ கிணற்றையோ நோக்கிச் செல்லும். இதனைத் தடுக்க ஒருவழிக் கிளச்சு ஒன்றை வலுவெடுப்புத் தண்டிற் பொருத்தலாம். வெட்டியை மாட்டுமுன் தமது இயந்திரம் எவ்வகையினது என்பதை அறிந்த பொறிவேலையாளரிடம் கேட்டறிக.

அலகுகளைத் தாங்கும் சட்டம் குழிந்த வட்டத் தட்டு வடிவில் உள்ளதாயின், கட்டையின்மேல் வெட்டி வழுக்கிச் செல்லும். பற்றை நிலத்துக்கு அது வேண்டற்பாலது. மூடியின் முன்னும் பின்னும் சங்கிலித் திரை உள்ள வெட்டியையே வாங்குக. கல் பறப்பதை அது பெரிதும் தடுக்கும். பின்புறச் சிறு சில்லு காற்றடைத்ததாய் இராது திண்ம றப்பரால் ஆனதாய் இருப்பின் முள்ளால் ஊறுபடாது.

7. நிலத்தில் மறைந்துள்ள ஆபத்து

இப்பகுதியை ஒவ்வொரு கமக்காரரும் வீட்டிலுள்ளோருக்கும் வாசித்துக் காட்டுதல் வேண்டும்.

நெடுங்காலம் கைவிடப்பட்ட காணியிற் சுழல் வெட்டியை இறக்குமுன், அக்காணி கண்ணிவெடியும் வெடிபொருளும் அகற்றப்பட்டதென உரிய அதிகாரிகளால் விடுவிக்கப்பட்டதா என்பதை உறுதிப்படுத்துக. இலங்கை 2017ஆம் ஆண்டிற் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. வடக்கிற் பல ஆண்டுகளாக அகற்றும் பணி நடைபெற்று வந்துள்ளது. எனினும் விடுவிக்கப்பட்ட நிலத்திலும் தனித்துக் கிடக்கும் ஒரு வெடிபொருள் அகப்படக்கூடும். ஐயத்துக்கிடமான எப்பொருளையும் தொடாது, நகர்த்தாது, வந்த வழியே திரும்பி, இடத்துக்கு அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் அறிவித்தல் வேண்டும். மண்ணைத் தொடாத கருவிதானே என்று எண்ணித் துணிதல் உயிரோடு விளையாடுவதாகும். உழவு இயந்திரத்தின் சில்லு மண்ணை மிதித்தே செல்கின்றது.

இரண்டாவது ஆபத்து பாழ்ங்கிணறு. கட்டு இடிந்த கிணறுகள் பற்றையால் மூடப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாதிருக்கும். காணியின் பழைய உரித்தாளரையோ அயலிலுள்ள முதியவரையோ கேட்டு, கிணறு இருந்த இடத்தை அறிந்து, சுற்றிலும் கையால் வெட்டித் துப்புரவாக்கி, உயர்ந்த கம்பு நட்டபின்னரே இயந்திரத்தை உள்ளே விடுதல் வேண்டும்.

மூன்றாவது, முட்கம்பி. பழைய வேலிக் கம்பிகள் அலகின் அச்சிற் சுற்றிக்கொள்ளும். அறுந்த துண்டுகள் அம்பென வெளியே பாயும். கம்பியைச் சுருட்டி எடுத்தபின் வெட்டுக.

8. ஓட்டும்போது காக்கவேண்டியவை

5 அடி வெட்டியின் அலகு முனை சுழலும் வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 15 3/4 அடி. கியர்ப் பெட்டி அலகை நிமிடத்துக்கு 1,000 முறை சுழற்றுமாயின், அலகு முனை மணிக்குச் சுமார் 285 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். அம்முனையில் அடிபட்ட சுண்ணாம்புக் கல் துப்பாக்கிக் குண்டினை ஒக்கும். வெட்டும் இடத்திலிருந்து 300 அடிக்குள் எவரும் நிற்றலாகாது. பிள்ளைகளையும் கால்நடைகளையும் முன்னரே அப்புறப்படுத்துக. தெருவோரக் காணியாயின் போவோர் வருவோரைத் தடுக்க ஒருவரை நிறுத்துக.

வலுவெடுப்புத் தண்டு ஒரு விநாடிக்கு 9 முறை சுழல்வது. சாரத்தின் நுனியோ தோளிற் கிடந்த சால்வையோ அதிற் பட்டால், கையை எடுப்பதற்கு முன் ஆளையே இழுத்துக்கொள்ளும். வெட்டியை ஓட்டுபவர் காற்சட்டை அணிதல் வேண்டும். சாரம் உடுத்துக்கொண்டு தண்டின் அருகே செல்லலாகாது. தண்டின் காப்புக் குழாய் உடைந்திருப்பின் மாற்றியபின்னரே வேலையைத் தொடங்குக.

அடைபட்டதை நீக்குமுன் தண்டை நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்துக்கொண்டு இறங்குக. எஞ்சின் நின்றபின்னும் அலகு சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும். முற்றாக நின்றபின்னரே அருகே செல்க. தூக்கி நிற்கும் வெட்டியின் கீழே கட்டை கொடுக்காது கை நீட்டலாகாது. சில்லுக் காப்பின்மேல் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வழக்கம் இவ்வேலையில் அறவே விலக்கத்தக்கது.

9. களையும் பயிரும் நோக்கி வெட்டுதல்

பார்த்தீனியம் உள்ள நிலத்திற் சுழல் வெட்டியைப் பயன்படுத்துவதில் மிகுந்த கவனம் வேண்டும். இக்களை ஒரு செடியிலேயே பல்லாயிரம் விதைகளை ஈனும். பூத்தபின் வெட்டினால் வெட்டியே விதையைத் தூவும் கருவியாகும்; மகரந்தம் பறந்து தோலரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும். பூக்குமுன் வெட்டினாலும் அடியிலிருந்து மீளத் துளிர்க்கும். ஆகவே, மழையால் மண் இளகியிருக்கும்போது கையுறை அணிந்து வேரோடு பிடுங்குதலே முறை. பரந்த இடத்திற் பூக்குமுன் வெட்டுவோர், துளிர்த்தவற்றைப் பின்னர்ப் பிடுங்கவும் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். வேலை முடிந்ததும் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மண்ணையும் விதையையும் அவ்விடத்திலேயே சுரண்டி அகற்றாது அடுத்த காணிக்குக் கொண்டு சென்றால், களையும் கூடவே செல்லும். வாடகைக்கு வரும் வெட்டியை உள்ளே விடுமுன் அதன் அடிப்புறத்தைப் பார்த்தல் காணிக்காரரின் உரிமை.

கோரையைச் சுழல் வெட்டி அழிக்காது. அதன் கிழங்கு மண்ணுள் இருக்கின்றது. இப்பிலிப்பில் வெட்டிய அடியிலிருந்து பன்மடங்கு தளிர்க்கும். வேரைக் கிண்டி எடுக்கவேண்டும். சரிவாக வெட்டுண்ட அடிக்கட்டை ஈட்டிபோல் நின்று ரயரைக் குத்தும் என்பதையும் நினைவிற் கொள்க.

சணலைப் பசளைக்காக விதைத்தோர், பூ அரும்பும் பருவத்தில் வெட்டி, தாமதியாது மண்ணுள் மடித்து உழுதல் வேண்டும். முற்றவிட்டால் தண்டு நாராகி உக்குவதற்கு நீண்ட காலமெடுக்கும். நெற்றாளை வெட்டும்போது எஞ்சினின் சூடான பகுதிகளிற் சேரும் உலர் வைக்கோலை அடிக்கடி அகற்றுக. கோடையில் அது தீப்பற்றும். வெட்டிய தாளை எரிக்காது வயலிலேயே பரப்பி உழுதால், அடுத்த காலபோகத்துக்கு அது மண்ணை வளப்படுத்தும்.

10. பராமரிப்பு

அலகுகளைச் சவர அலகுபோற் கூர்மையாக்கலாகாது. வெட்டும் விளிம்பு ஏறக்குறைய 1/16 அங்குலத் தடிப்புடன் இருத்தல் நலம். மிகக் கூர்மையான விளிம்பு முதற் கல்லிலேயே உடையும். இரண்டு அலகுகளையும் ஒருங்கே தீட்டி, பாரம் ஒத்திருக்கின்றதா என நிறுத்துப் பார்த்தல் வேண்டும். ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றுக. வேறுபட்ட பாரத்துடன் சுழலும் அலகுகள் கியர்ப் பெட்டியின் போளைகளை அழித்துவிடும். அலகு ஆணிகள் இறுகியுள்ளனவா என்று நாள்தோறும் பார்க்க. கியர்ப் பெட்டியின் எண்ணெயை வேலைக்கு முன் சோதிக்க. தண்டின் மூட்டுகளுக்குக் கிரீசு இடுக.

11. வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

சுழல் வெட்டி ஆண்டு முழுவதும் உழைக்கும் கருவியன்று. நிலத்தை முதன்முறை துப்புரவாக்கியபின், பயிர் தொடர்ந்து செய்யப்படும் 10 பரப்புத் தோட்டத்தில் அதற்குப் பெரிதும் வேலையில்லை. அத்தகையோர் வாடகைக்கு எடுத்தலே தகும். தென்னந்தோட்டமோ மேய்ச்சல் நிலமோ உடையவரும், வாடகைக்கு வேலை செய்பவரும் சொந்தமாக வாங்கலாம். அயற் காணிக்காரர் பலர் சேர்ந்து ஒரு வெட்டியை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துதல் மேலும் சிறந்தது. அங்ஙனமாயின் முறியாணி, எண்ணெய், அலகு ஆகிய செலவுகளை யார் ஏற்பது என்பதை முன்னரே எழுதி வைத்துக்கொள்க.

வாங்குமுன் உறுதிப்படுத்த வேண்டியவை

(1) தண்டிற் கிடைக்கும் வலு, வெட்டியின் அகலத்தின் ஒவ்வோர் அடிக்கும் 5 குதிரைவலு உள்ளதா?
(2) வெட்டியின் அகலம் பின்சில்லுகளின் வெளி விளிம்பு அகலத்திலும் குறையாததா?
(3) ஒழுங்கையும் படலையும் அதற்கு இடம் கொடுக்குமா?
(4) இணைப்பு வகுதியும் 540 சுழற்சியும் ஒத்தனவா?
(5) தூக்கிய நிலையில் முன்சில்லுகளிற் போதிய பாரம் உண்டா?
(6) முறியாணியோ வழுக்குக் கிளச்சோ உண்டா? பழைய இயந்திரமாயின் ஒருவழிக் கிளச்சு வேண்டுமா?
(7) சங்கிலித் திரையும் தண்டின் காப்புக் குழாயும் உள்ளனவா?
(8) அலகு, ஆணி முதலிய உதிரி உறுப்புகள் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்குமா?

மேலும் விளக்கம் வேண்டுவோர் தமது பகுதிக் கமநல சேவை நிலையத்தையும் விவசாயப் போதனாசிரியரையும் அணுகுக. பண்ணை இயந்திரங்கள் குறித்த ஆராய்ச்சி மகா இலுப்பள்ளமையிலுள்ள பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெறுகின்றது.

முன்னோர் கல்லைக் கிளறி ஆக்கிய மண் பற்றையின் கீழே இன்னும் அவ்வாறே கிடக்கின்றது. காணியை முதலிற் காலால் நடந்து அறிந்து, பின்னர் அளவறிந்து கருவியைத் தெரிந்து, காப்புடன் ஓட்டும் கமக்காரர், அம்மண்ணை மீண்டும் பயிருக்குக் கொணர்வர்.